கை மறப்பதற்குள்: சிங்கப்பூர் மருத்துவ மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் உறுப்பினர்களுக்கும், சுகாதார அமைச்சில் மருத்துவர் பதிவைக் கவனிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு புதன்கிழமை. வெளிநோயாளிப் பிரிவில், இதயநோய் ஆய்வு ஒன்றுக்காக 74 வயதுத் தாத்தா ஒருவரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கிவிட்டு, கேள்விப் பட்டியலுக்கு வந்தேன். அதன் தமிழ் வடிவத்தில் ஒரு கேள்வி: "கடந்த ஒரு மாதத்தில் உங்களுக்கு மயக்கம் வந்ததா?"

"வருதும்மா. தினமும் வருது" என்றார்.

ஆங்கில மூலத்தில் அந்தக் கேள்வி நினைவு தப்பி விழுந்ததைப் பற்றியது. தினமும் நினைவு தப்பும் மனிதர் ஈசூனிலிருந்து தனியாகப் பேருந்து ஏறி வந்திருக்க மாட்டார். தமிழில் நினைவு தப்பினாலும் மயக்கம்தான், தலை சுற்றினாலும் மயக்கம்தான், பசியில் கண் இருண்டாலும் மயக்கம்தான். வெறும் அசதிக்கே அந்தச் சொல்லைப் போடுகிறவர்களும் உண்டு. "எப்படி வருது தாத்தா? வீடே சுத்துற மாதிரியா, இல்ல கண்ணு இருட்டிக்கிட்டு வருதா?" என்று கேட்டேன். இருட்டிக்கொண்டுதான் வருகிறதாம். எப்போது? விடியற்காலையில் கழிவறைக்குப் போக எழும்போது. எத்தனை நாளாக? சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று வேறொரு இடத்தில் புதிதாக ஒரு மாத்திரை கொடுத்தார்களாம், அதற்கப்புறம்தான்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது எம்.பி.பி.எஸ். மூன்றாமாண்டு மாணவருக்கும் தெரியும். படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ஆனால் அது என் வேலை இல்லை. எழுந்துபோய் அறைக்கதவைத் தட்டி, அங்கிருந்த இளம் மருத்துவரிடம், "டாக்டர், அவர் எழும்போது கொஞ்சம் தடுமாறுகிறார் போலிருக்கிறது, நேரமிருந்தால் பார்க்கிறீர்களா" என்று சொன்னேன். இந்த மாதிரி நேரத்தில் எவ்வளவு சொல்லலாம், எந்தத் தொனியில் சொல்லலாம் என்பதெல்லாம் இத்தனை வருடத்தில் பழகிவிட்டது. அவரும் நல்லவர், உடனே வந்து பார்த்தார். எழுந்து நின்றதும் அழுத்தம் நன்றாகவே இறங்கியது. மாத்திரை விஷயத்தைக் குறித்துக்கொண்டார். நான் என் நாற்காலிக்குத் திரும்பி, நினைவு தப்பியதா என்ற கேள்விக்கு நேராக "இல்லை" என்ற கட்டத்தில் புள்ளி வைத்தேன்.

என் பதவியின் பெயர் மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர். அதற்கு முன்னால் நான் ஒரு டாக்டர்.

தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தேன். பிறகு மலையடிவாரக் கிராமம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து வருடம். பிரசவம் பார்த்திருக்கிறேன். நெல் அறுப்புக் காலத்தில் கண்ணாடி விரியன் கடித்து வருகிறவர்களின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்ப்போம். உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்தைத் தொடங்கிக்கொண்டே ஆம்புலன்சுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். இந்த வித்தை சிங்கப்பூரில் யாருக்கும் பெரிதாகத் தேவைப்படாது, தெரியும். ஆனால் டெங்கு இரண்டு ஊருக்கும் பொது. 2020-இல் இங்கே 35,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தபோது, காய்ச்சல் விட்ட பிறகுதான் அதிகம் கவனிக்க வேண்டும், மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடைவெளி குறுகினால் காத்திருக்கக் கூடாது என்பதையெல்லாம் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அதற்குமேல் எனக்கு உரிமை இல்லை.

கணவரின் வேலையை ஒட்டி 2016-இல் இங்கே வந்தேன். அடுத்த வருடம் மகள் பிறந்தாள். 2019-இல் இந்த வேலையில் சேர்ந்தேன். 2021 மே மாதத்திலிருந்து, சார்ந்து வந்தவர்கள் வேலை பார்க்க அவரவர் பெயரிலேயே வேலை அனுமதி வேண்டும் என்று விதி மாறியபோது ஒரு கலக்கம் இருந்தது. அதுவும் கடந்துபோனது.

இந்த மடலை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் எழுதினால் அது விண்ணப்பமாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் நிறைய விண்ணப்பங்கள் எழுதிவிட்டேன். தவிர, இதே நிலையில் இருக்கும் பல பேரை எனக்குத் தெரியும். தேக்காவில் காய்கறி வாங்கும்போது சந்தித்துக்கொள்வோம். ஒருவர் காப்பீட்டு நிறுவனத்தில் கோரிக்கைப் படிவம் சரிபார்க்கிறார், இன்னொருவர் துணைப்பாட நிலையத்தில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறார், மற்றொருவர் "இப்போதைக்கு வீட்டில்தான்" என்கிறார். அந்த "இப்போதைக்கு" ஒன்பதாவது வருடத்தில் இருக்கிறது. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த வெளிநாட்டுக் கல்லூரிகளின் பட்டத்தை ஏற்பது என்ற உங்கள் பட்டியலோடு சண்டை போட நான் வரவில்லை.

மருத்துவப் பதிவுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருந்த வெளிநாட்டுக் கல்லூரிகள் 160. அதை 2019-இல் மறுஆய்வு செய்து, 2020 ஜனவரி 1 முதல் 103 ஆக்கினீர்கள். 57 கல்லூரிகள் ஒரே வீச்சில் போயின. பல்கலைக்கழகங்களின் தரவரிசையையும், அங்கே படித்து இங்கே வேலை பார்த்தவர்கள் எப்படிச் செயல்பட்டார்கள் என்பதையும் பார்த்ததாகச் சொன்னீர்கள். 2025 பிப்ரவரியில் 9 கல்லூரிகளைச் சேர்த்து 112 ஆக்கினீர்கள். என் கல்லூரி அதில் இல்லை. இந்தியாவில் 700-க்கும் மேற்பட்ட மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருப்பது அங்கே படித்த எங்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்க்க ஒரு சிறிய நாட்டின் மன்றத்தால் ஆகாது. சல்லடை வேண்டும்தான்.

அதோடு, என் பழைய பாவம் ஒன்றும் இருக்கிறது. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது எங்கள் வார்டுக்கு ரஷ்யாவில் படித்துவிட்டு வந்த ஒருவர் வந்தார். வெளிநாட்டில் படித்த இந்தியர்கள் ஊர் திரும்பினால் எஃப்.எம்.ஜி.இ. என்ற தேர்வு எழுத வேண்டும். 300 கேள்வி, தேற 150. அதைத் தேறி வந்தவர்தான் அவர். ஆனாலும் நாங்கள் அவரை ஓட்டாத நாள் இல்லை. "அண்ணே, அங்கெல்லாம் நோயாளிகிட்ட ரஷ்ய மொழியிலதான் கேஸ் எடுப்பீங்களா?" அவர் சிரித்துக்கொள்வார். இரண்டு மாதத்தில், இரவுப் பணியில் நரம்பு கிடைக்காத குழந்தை வந்தால் தாதியர் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் எங்கே படித்தார் என்பதை மறக்க எங்களுக்கு அந்த இரண்டு மாதம் போதுமானதாக இருந்தது. அந்த இரண்டு மாதத்தைத்தான் உங்களிடம் கேட்க வந்திருக்கிறேன்.

பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்தவருக்கு வேறு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. மன்றம் ஏற்கும் மேற்படிப்புத் தகுதிகளில் ஒன்றைப் பெற்றிருந்தால் நிபந்தனைப் பதிவுக்கு, அதாவது மேற்பார்வையின் கீழ் மட்டும் மருத்துவம் பார்க்கும் அனுமதிக்கு, விண்ணப்பிக்கலாம். அதோடு ஆங்கிலத் தேர்ச்சி, சொந்த நாட்டின் நன்னடத்தைச் சான்று, பட்டம் உண்மைதானா என்று மூலத்திலேயே சரிபார்த்த ஆவணம், அண்மைக்காலம்வரை தொடர்ந்து நோயாளிகளைப் பார்த்துவந்த அனுபவம், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் ஒன்றிலிருந்து வேலை வாய்ப்பு, இவ்வளவும் சேர வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயமானது. எல்லாவற்றையும் ஒரே ஆளின் வாழ்க்கையில் ஒரே சமயத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் சிக்கல் புரியும்.

பொது மருத்துவத்தில் எங்களில் பெரும்பாலானோர் குறிவைப்பது பிரிட்டனின் மேற்படிப்புத் தகுதியான எம்.ஆர்.சி.பி. அதன் முதல் பகுதி 200 கேள்வி. மகளைத் தூங்கவைத்துவிட்டு இரவு 10 மணிக்குமேல் படித்து 2021-இல் அதை முடித்தேன். இரண்டாம் பகுதியும் எழுத்துத்தான், அதையும் முடித்தேன். மூன்றாவதாக பேசஸ் என்ற செய்முறைத் தேர்வு. அதில் உண்மையான நோயாளிகளைத் தேர்வாளர் கண்முன்னால் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, சில நிமிடங்களில் என்னவென்று சொல்ல வேண்டும்.

அதற்குப் பழக நோயாளி வேண்டும். நோயாளியைத் தொடப் பதிவு வேண்டும். பதிவுக்கு பேசஸ் தேற வேண்டும்.

மருத்துவமனைகளில் பார்வையாளராகச் சேரலாம், பணம் கட்டி நானும் சேர்ந்திருக்கிறேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வார்டு சுற்றில் கடைசி ஆளாக நடப்பது. கண்ணுக்குப் பயிற்சி கிடைக்கும், கைக்குக் கிடைக்காது. ஆகவே வீட்டில் கணவரைப் படுக்கவைத்துப் பழகினேன். சிங்கப்பூரிலேயே அதிகம் தேடப்பட்ட மண்ணீரல் என் கணவருடையதாகத்தான் இருக்கும். ஆரோக்கியமான ஆள், எத்தனை முறை அழுத்தினாலும் அது கைக்குத் தட்டுப்படப் போவதில்லை. மகள் பக்கத்தில் நின்று, "அம்மா, இன்னிக்காவது கிடைச்சதா?" என்பாள்.

சென்னையில் ஒருமுறை பேசஸ் எழுதினேன். தேறவில்லை. யாரையும் குறை சொல்ல மாட்டேன். வயிற்றைப் பரிசோதிக்கும் இடத்தில், ஒரு காலத்தில் ஒரு நாளைக்கு 120 புறநோயாளிகளைப் பார்த்த என் கை தயங்கியது. என்ன இருக்கும் என்று மூளைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. தேர்வாளர் தேர்ச்சி தரமாட்டேன் என்றது சரிதான், அவர் இடத்தில் இருந்தால் நானும் தந்திருக்க மாட்டேன். முதல் பகுதி தேறியதிலிருந்து மூன்றையும் முடிக்க ஏழு வருடம்தான் கணக்கு. எனக்கு 2028-இல் முடிகிறது. ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வின் சான்றிதழ் இரண்டு வருடத்தில் காலாவதி. அதை இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் காலாவதியாகவிட்டேன். அண்மைக்கால அனுபவம் என்று எழுத இடமிருக்கும் கட்டத்தில் ஒவ்வொரு வருடமும் என் பதில் இன்னும் கொஞ்சம் பழையதாகிறது.

இந்த இடத்தில் பெண்கள் கூடுதலாக மாட்டிக்கொள்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். கணவரோடு நாடு மாறுவது, பிள்ளை பெறுவது, படிப்பது மூன்றும் ஒரே ஐந்தாறு வருடத்துக்குள் விழுகின்றன. இடைவெளி விழுந்த தாதியர் திரும்பி வர இதே சிங்கப்பூரில் ஒரு பயிற்சித் திட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் படித்த தாதியரைத் தாதியர் வாரியம் உரிமத் தேர்வு வைத்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் ஆய்வுக் குழுவில் உள்ள தாதி கேரளத்தில் படித்து அப்படித் தேறி வந்தவர்தான். மதிய உணவு இடைவேளையில் அவர், "உனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்பார். பதில் சொல்ல ஆரம்பித்தால் இடைவேளை முடிந்துவிடும்.

அப்படியானால் ஒரு பெரிய தேர்வு வைத்துவிடலாமே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தேர்வை மட்டும் நம்ப வேண்டாம் என்பதுதான் என் கருத்து, இதில் என் தோழிகள் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு பிரிட்டன் வைக்கும் பிளாப் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டாம் கட்டம் மான்செஸ்டரில், நடிகர்கள் நோயாளிகளாக வருவார்கள். நம் ஊர் டாக்டர்கள் அங்கே போய், ஒரே வீட்டில் ஆறு பேராகத் தங்கி, பயிற்சி வகுப்பில் சேர்ந்து, "கேட்க வருத்தமாக இருக்கிறது" என்பதை எந்த இடத்தில், தலையை எவ்வளவு சாய்த்துச் சொல்ல வேண்டும் என்றுவரை ஒத்திகை பார்ப்பார்கள். அதில் தேறியவர்களில் அருமையான டாக்டர்கள் நிறைய பேர் உண்டு. ஆனால் ஒத்திகை பார்த்துத் தேறிவிடக்கூடிய தேர்வு உங்களுக்கு எதைச் சொல்லும்? ஒருவர் இரவு 3 மணிக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி மேலதிகாரியை எழுப்புவாரா, பயந்துகொண்டு மறைப்பாரா என்பதைச் சொல்லாது. தாதி சந்தேகம் சொன்னால் காது கொடுப்பாரா என்பதையும் சொல்லாது.

கனடாவில் வேறொரு முறை இருக்கிறது. ஏற்கெனவே சொந்த நாட்டில் மருத்துவம் பார்த்தவர்களை எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு எல்லாம் முடித்தபின் 12 வாரம் ஒரு மருத்துவரின் கண்காணிப்பில் உண்மையான நோயாளிகளோடு வேலை பார்க்கவிடுகிறார்கள். அந்த 12 வாரமும் மதிப்பீடுதான். தேறினால் டாக்டர் பற்றாக்குறை உள்ள ஊர்களில் சில வருடம் பணியாற்ற ஒப்புக்கொண்டு போகிறார்கள். தேறாவிட்டால் வீட்டுக்கு. ஆஸ்திரேலியாவிலும் அவர்களுடைய மருத்துவ மன்றத்தின் செய்முறைத் தேர்வுக்கு மாற்றாக, வேலையிடத்திலேயே மாதக்கணக்கில் பார்த்து மதிப்பிடும் வழி சில மருத்துவமனைகளில் இருக்கிறது. நோயாளியிடம் வரலாறு கேட்பதை ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார், இன்னொரு நாள் இன்னொருவர் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு ஏன் இந்த மருந்து என்று கேட்கிறார், உடன் வேலை பார்ப்பவர்களிடமும் கருத்து வாங்குகிறார்கள்.

சிங்கப்பூருக்கு இது புதிதும் இல்லை. நிபந்தனைப் பதிவில் இருப்பவர்களுக்கு நீங்கள் செய்வதே இதுதான். குறிப்பிட்ட நிறுவனத்தில், குறிப்பிட்ட மேற்பார்வையாளருக்குக் கீழே வேலை, அவ்வப்போது மதிப்பீட்டு அறிக்கை, சரியாக இருந்தால் பிறகு முழுப் பதிவு. ஆக, படுக்கையோரத்தில் பார்த்து ஒருவரை எடைபோட உங்களுக்குத் தெரியும். அந்தத் தராசை உள்ளே வந்தவர்களுக்கு மட்டும் வைத்திருக்கிறீர்கள். வாசலிலும் ஒன்று வையுங்கள் என்கிறேன். எழுத்துத் தேர்வுகளைத் தேறியவர்களுக்கு, குறுகிய காலத்துக்கு, முழுக் கண்காணிப்பில், மருந்துச் சீட்டில் தனியாகக் கையெழுத்துப் போடும் உரிமைகூட இல்லாமல் ஒரு பதிவு. 12 வாரமோ 16 வாரமோ, நீங்களே முடிவு செய்யுங்கள். இடைவெளி விழுந்தவர்களுக்கு அதற்கு முன்னால் ஒரு மாதம் பயிற்சி. சம்பளம் வேண்டாம் என்று எழுதிவிட்டு அழித்துவிட்டேன். சம்பளம் வேண்டும், குறைவாக இருந்தாலும் சரி. சம்பளமில்லாத வழி என்றால் கணவரோ அப்பாவோ வசதியாக இருக்கிறவர்கள் மட்டும்தான் அதில் நடக்க முடியும்.

எங்கே வைப்பது? சமூக மருத்துவமனைகள், தாதிமை இல்லங்கள், வீட்டுக்கே போய்ப் பார்க்கும் குழுக்கள். 2030-இல் இந்த நாட்டுக் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்று அமைச்சே சொல்கிறது. வயதானவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது பத்து மாத்திரையில் எதை நிறுத்தலாம் என்று உட்கார்ந்து யோசிக்க நேரமுள்ள ஒரு டாக்டர். அந்த வேலைக்கு உள்ளூர்ப் பட்டதாரிகள் வரிசையில் நிற்பதாக நான் கேள்விப்படவில்லை. கனடாவைப் போலச் சில வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுங்கள், நாங்கள் கையெழுத்துப் போடுவோம்.

தமிழ் நோயாளிகளுக்குத் தமிழ் டாக்டர் வேண்டும் என்று இதை மாற்றிப் படித்துவிட வேண்டாம். மயக்கம் கதையை எழுதிவிட்டு எனக்கே அந்தச் சங்கடம் வந்தது. அடுத்த நாற்காலியில் இருந்தது ஹொக்கியன் மட்டுமே பேசும் பாட்டியாக இருந்திருந்தால் நான்தான் விழித்திருப்பேன். அவர் தன் மயக்கத்தை எந்தச் சொல்லில் சொல்கிறார், அந்தச் சொல்லுக்குள் எத்தனை மயக்கம் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? மாண்டரினில் "வலிக்கிறதா", "எத்தனை நாளாக" என்பதற்குமேல் எனக்கு வராது. மலாய் கொஞ்சம் பரவாயில்லை. மதிப்பீட்டில் இதையும் பாருங்கள். மொழி தெரியாத நோயாளி வரும்போது ஒருவர் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுகிறாரா, தலையாட்டிவிட்டுப் போகிறாரா என்பது எந்த எழுத்துத் தேர்விலும் தெரியாது.

மேற்பார்வையாளர்கள் பற்றி ஒரு வார்த்தை. பட்டியலில் உள்ள கல்லூரியில் படித்து, நிபந்தனைப் பதிவில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்த நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒரே வருடத்தில் அவருக்கு மூன்று மேற்பார்வையாளர்கள் மாறினார்கள். ஒருவர் பிரசவ விடுப்பு, ஒருவர் தனியார் துறைக்குப் போய்விட்டார், மூன்றாமவர் நல்ல மனிதர்தான், ஆனால் தலைக்குமேல் வேலை. அறிக்கை கொடுக்கும் நாள் நெருங்கியபோது, "உன்னைப் பற்றி நீயே ஒரு பத்தி எழுதிக் கொண்டு வா, நான் பார்க்கிறேன்" என்றிருக்கிறார். நண்பர் தன்னைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொண்டார். நல்ல டாக்டர்தான் என்பதால் கெடுதல் இல்லை. ஆனால் இன்னொருவர் விஷயத்தில்? நான் கேட்கும் வழியைத் திறந்தால் இந்தச் சுமை இன்னும் கூடும். ஆகவே மேற்பார்வைக்கென்று வாரத்தில் நேரம் ஒதுக்கி, அதை அவர்கள் பணிக்கணக்கில் சேர்த்து, எப்படிப் பார்த்து எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்காமல் இதைத் தொடங்கவே வேண்டாம். 20 இடம் மட்டும் வைத்துத் தொடங்கினாலும் போதும். எனக்குக் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை என்று சொல்ல ஆசைதான். பரவாயில்லை இல்லை. ஆனாலும் 20 சரியான எண்ணாக இருக்கலாம்.

இன்னொன்று சின்ன விஷயம், செலவே இல்லாதது. விண்ணப்பத்தை நிராகரிக்கும்போது எந்த நிபந்தனையில் விழுந்தது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இதை மருத்துவமனைகளின் ஆள்சேர்ப்புப் பிரிவுகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2018-இல் ஓரிடத்திலிருந்து எனக்கு வந்த பதிலில் "வருந்துகிறோம்" மட்டும் இருந்தது. கல்லூரியா, அனுபவமா, இடைவெளியா? தெரிந்திருந்தால் அன்றைக்கே எம்.ஆர்.சி.பி.க்குப் பணம் கட்டியிருப்பேன், இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். தெளிவான பதில் இல்லாத இடத்தில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். "எனக்கு உள்ளே ஆள் தெரியும்" என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு பார்வையாளர் சான்றிதழ் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பவர்களை எங்களில் பலருக்குத் தெரியும். (இதைப் படிக்கும் பெற்றோருக்கு: பிள்ளையை வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பும் முன்னால் முகவர் காட்டும் வண்ணத் தாளைப் பார்க்காதீர்கள், இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். அதுவும் மாறக்கூடியது. 2019-இல், ஏற்கெனவே சேர்ந்திருந்த சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பாதிப்பில்லாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சலுகை எல்லோருக்கும் இல்லை.)

உங்களில் பலர் படித்த, இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் கதை உங்களுக்கு நன்றாகத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். 1905-இல், சீன வணிகர் டான் ஜியாக் கிம் முன்னின்று திரட்டிய பணத்தில், 23 மாணவர்களோடு தொடங்கிய மருத்துவப் பள்ளி அது. 1910-இல் 7 பேர் முதல் ஆட்களாகத் தேறி வந்தார்கள். பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் அந்தப் பட்டயத்தை அங்கீகரித்தது 1916-இல். நடுவில் ஆறு வருடம் இருக்கிறது. அந்த ஆறு வருடமும் அவர்கள் காய்ச்சலைப் பார்த்தார்கள், எலும்பைக் கட்டினார்கள், இறந்தவர்களுக்குச் சான்றிதழ் எழுதினார்கள். லண்டனில் இருந்த பட்டியலுக்கு மட்டும் அவர்களைத் தெரியாது. பழைய ஆவணங்களில் அந்த 1911, 1912-ஐப் புரட்டும்போது உங்களுக்கு என்ன தோன்றும் என்று கேட்க ஆசை. பதில் எழுத வேண்டியதில்லை.

இதன் ஆங்கில வடிவத்தை, பாம்புக் கதையையும் மண்ணீரல் கதையையும் எடுத்துவிட்டு, மன்றத்தின் பொது மின்னஞ்சலுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நேரில் வரச் சொன்னால் வருவேன். வியாழன், வெள்ளி மதியம் எனக்கு வசதி.

நாளை காலை 8:30-க்கு அந்தத் தாத்தாவுக்கு மறுபரிசோதனை. படுத்து ஒருமுறை, நின்று ஒருமுறை. எங்கள் ஆய்வில் அதைத் தாதிதான் எடுப்பார். எண்ணை நான் குறித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர்,
அங் மோ கியோ